டயலின் பின்பக்கம்

கீத்லி,
12 பிப்ரவரி 1967

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

உன் அட்டை கிடைத்தது. "வந்து சேர்ந்தேன். நலம். கடற்காற்று." தந்தி அடிக்கிறவன்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவான். இருபத்தேழு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளுக்கு இது போதும் என்று நினைத்தாய் போலிருக்கிறது. போகட்டும்.

இங்கே பட்டறை பாதி காலி. உன் சோதனை அறையில் எடைக்கல் இயந்திரம் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. டயல் அறையில் நாங்கள் நான்கு பேர்தான் மிச்சம். கப்பல்படைக்கான கடைசி ஆர்டர், நீராவி அழுத்தத்தைக் காட்டும் முந்நூறு சொச்சம் கேஜ்கள், நீ புள்ளி வைத்துவிட்டுப் போன அவற்றின் டயலுக்குக் கையால் கோடு போட்டு முடிக்கும்வரை எங்களுக்குச் சம்பளம் உண்டு. அதற்குப் பிறகு டாபின் அண்ட் கிரீவ் கம்பெனிக்குக் கீத்லியில் கதவே கிடையாது. சரியாக நூறாவது வருஷத்தில் மூடுகிறார்கள். லண்டன்காரர்கள் கம்பெனியை வாங்கியபோது, "எதுவும் மாறாது" என்று கைகொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

நேற்று தேநீர் வேளையில் மூரியல் கேட்டாள்: "நீ எப்ப ஸ்காட்லாந்துக்குக் கிளம்பறே?"

"என்னை யாரும் கூப்பிடலையே."

"புருஷன் அங்க இருக்கான். வெத்திலை பாக்கு வெச்சா கூப்பிடுவாங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கிளிஃபர்ட், நீ போகிறாய் என்பதை நான் அறிவிப்புப் பலகையில்தான் படித்தேன். காண்டீன் விலைகளுக்கும் புல்வெளிப் பந்தாட்டக் கழகத்தின் கூட்டத்துக்கும் நடுவே ஒரு தாள்: "புதிய தொழிற்சாலைக்கு மாறச் சம்மதித்தவர்கள்." அதில் உன் பெயர்: ஸக்டன், சி. சுற்றி நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். இரவு சாப்பாட்டில் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். உருளைக்கிழங்கில் உப்புக் குறைவு என்று சொன்னாய்.

இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். பேனா கேட்கவில்லை.

இன்னொரு தலைவலி. நூற்றாண்டுக்குக் கம்பெனியின் வரலாறு ஒன்று அச்சிடப் போகிறார்களாம். லண்டனிலிருந்து ஃபேன்ஷா என்று ஒருவர் வருவாராம். விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் எல்லாரும் போய்விட்டதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டைப் பூட்டுகிறவனே வீட்டின் பெருமையையும் பாட வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிச் சட்டையை உள்ளே போடு, வெளியே இல்லை.

அன்புடன்,
எனிட்

பி.கு.: நடையில் மாட்டியிருக்கும் காற்றழுத்தமானியைக் காலையில் இப்போது நான்தான் தட்டுகிறேன். மழை என்கிறது.


கிர்க்கால்டி,
26 பிப்ரவரி 1967

அன்புள்ள எனிட்,

கடிதம் வந்தது. கம்பளிச் சட்டை உள்ளேதான் இருக்கிறது.

ஊர் முழுக்க ஆளி எண்ணெய் நாற்றம். தரைவிரிப்பு ஆலைகளிலிருந்து வருகிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி திருமதி மக்ஃபீ சொன்னாள். பழகவில்லை. அவள் கஞ்சியில் சர்க்கரை போடுவதில்லை, உப்புத்தான். "சர்க்கரை கேக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

தொழிற்சாலை புதியது. கூரை உயரம், வெளிச்சம் நிறைய. ஒரு மூலையிலும் உட்கார முடியவில்லை. இங்கே எல்லாக் கேஜுக்கும் ஒரே அச்சு டயல். போதாக்குறைக்கு, பூஜ்யத்தில் ஒரு சின்னக் கம்பி நட்டு, முள் அதன்மேல் சாய்ந்து நிற்கும்படி செய்கிறார்கள். முள் தளர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போக நினைத்தாலும் கம்பி தாங்கிக்கொள்ளும். பார்க்கிறவனுக்குக் கேஜ் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். இது பொய் என்று மேலாளர் ஓகில்வியிடம் சொன்னேன். "வாங்கறவன் அழகைத்தான் பாக்கறான், ஸக்டன்" என்றார். நல்ல மனுஷன்தான். களைத்த மனுஷன்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் குளியலறை வைத்த வீடு தருகிறார்கள். எனக்கும் ஒன்று இருக்கிறதாம். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வரலாற்றுக்காரரிடம் பழைய கிரீவின் மீசையைப் பற்றிச் சொல்லாதே.

உன்,
கிளிஃபர்ட்


கீத்லி,
16 ஏப்ரல் 1967

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

பார்கின் கேக் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். இஞ்சி கொஞ்சம் தூக்கல். ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடு, இல்லாவிட்டால் பல்லுக்கு ஆபத்து. திருமதி மக்ஃபீக்கும் ஒரு துண்டு கொடு. சர்க்கரை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

ஃபேன்ஷா வந்தார். மெல்லிய கை, நல்ல கோட்டு, பாவம் ஜலதோஷம். நாள் முழுக்க என்னோடு இருந்தார். முதலில், "நிறுவனர் ஜோசையா டாபின் அழுத்தமானியைக் கண்டுபிடித்த வருஷம் எது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாபின் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர், எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். ஆற்றோர ஆலையில் கொதிகலன் வெடித்து ஆட்கள் செத்தார்கள். அங்கே ஒரு கேஜ் இருக்கத்தான் செய்தது, பிரான்சிலிருந்து வந்த நல்ல சரக்கு. உள்ளங்கை அகல டயல். கரி அள்ளுகிறவன் நின்ற இடத்திலிருந்து அதைப் படிக்க முடியாது. டாபின் அதையே எடுத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டயல் போட்டார். நூறு வருஷக் கம்பெனியின் ஆதி மூலம் அவ்வளவுதான். ஃபேன்ஷா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அந்த முதல் டயல்களுக்குக் கோடு போட்டது யாருன்னு கேக்கமாட்டீங்களா?" என்றேன்.

"யாரும்மா?"

"அவர் பெண்டாட்டி ஹெப்ஸிபா. சமையல் மேசையில, துணி தோய்ச்சு முடிச்ச கையோட."

அதை எழுதிக்கொண்டார். பிறகு பணம் போட்ட கிரீவ், கம்பளி வியாபாரியின் மகன், பட்டறைக்குக் கல் கட்டடம் கட்டியது, முதல் யுத்தத்தில் ஆண்கள் போனபோது பெண்களைச் சோதனை அறைக்குள் விட்டு, யுத்தம் முடிந்ததும் மறுபடி டயல் அறைக்கே அனுப்பியது, முப்பதுகளில் வாரம் மூன்று நாள் வேலை, எல்லாம் சொன்னேன். மீசையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பிறகு அவர் கேட்டார்: "டயலை மொத்தமா அச்சடிக்காம, ஒவ்வொண்ணா எதுக்குக் கையால போடறீங்க?"

நான் அவரை உட்கார வைத்து விளக்கினேன். ஒவ்வொரு கேஜுக்குள்ளும் முள்ளை நகர்த்தும் வளைந்த பித்தளைக் குழாய்க்கு ஒரு சுபாவம் உண்டு. ஒன்று முதலில் சோம்பி, பிறகு ஓடும். இன்னொன்று ஆரம்பத்திலேயே துள்ளும். அதனால் சோதனை அறையில் எடைக்கல் ஏற்றி, முள் நிஜமாக எங்கே நிற்கிறதோ அங்கே வெற்று டயலில் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளிகள்மேல் நாங்கள் மையால் கோடு இழுப்போம். எனவே ஒரு கேஜின் டயல் இன்னொரு கேஜுக்கு ஆகாது. மாறிப்போகாமல் இருக்க டயலின் பின்பக்கம் கேஜின் எண்ணைப் பென்சிலால் எழுதி வைப்போம்.

"பென்சிலாலயா? அழிஞ்சிட்டா?"

"அழிச்சா என் வீட்டுக்காரர் கொன்னே போடுவார்" என்றேன். ஈரத்துணியோடு டயல் பக்கம் போன எந்தப் பெண்ணை நீ அழ வைக்காமல் விட்டிருக்கிறாய்?

பேச்சுவாக்கில் அவருக்கு நம் கதையும் சொன்னேன். முப்பத்தெட்டில், சோதனை அறையிலிருந்து என் டயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. "கோடு தடிமன்." "கோடு மறுபடி தடிமன்." நான் மேற்பார்வையாளரிடம் அழுதேன், வேலை போய்விடும் என்று. அவள் ஒரு டயலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அடி அசடே, டயல்ல ஒரு குத்தமும் இல்ல. அந்த சோதனைக்காரப் பையனுக்குத்தான் ஏதோ கோளாறு" என்றாள். மறுநாள் நீ இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து, வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனாய். ஃபேன்ஷா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். இதைப் புத்தகத்தில் போட இடம் இருக்காது என்று வருத்தப்பட்டார்.

வீட்டைப் பற்றி "யோசிக்கிறேன்" என்று அவர்களிடம் சொன்னாய். சரி. யாரோடு சேர்ந்து யோசிக்கிறாய்?

அன்புடன்,
எனிட்


கிர்க்கால்டி,
28 மே 1967

அன்புள்ள எனிட்,

பார்கின் தீர்ந்துவிட்டது. திருமதி மக்ஃபீ மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, ரொம்பத் தித்திப்பு என்றாள்.

முதல் பெட்டிகள் வந்தன. லண்டன்காரர்களின் உத்தரவுப்படி டயல்கள் தனிப் பெட்டி, கேஜ்கள் தனிப் பெட்டி. எந்த மடையன் யோசனையோ. எண் இருப்பதால் பிழைத்தோம், எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் பொருத்துவார்களாம். உன் கோடுகள் நன்றாக இருக்கின்றன. கொஞ்சம்கூடத் தடிமன் இல்லை.

வேலை முடிந்து கடற்கரைச் சுவர் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புகிறேன். பேச ஆள் இல்லை என்பதில்லை, பேச எதுவும் இல்லை. வலது கண் கொஞ்சம் மங்கல். வயசுதான்.

வீட்டுக்கு ஆகஸ்டுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நலம்.

உன்,
கிளிஃபர்ட்


கீத்லி,
9 ஜூலை 1967

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

வெள்ளிக்கிழமை மூடினார்கள்.

பாட்டில்லை, பேச்சில்லை. லண்டனிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடைசி டயலை நான்தான் முடித்தேன். மை காயும்வரை நான்கு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், பிணத்துக்குக் காவல் இருக்கிறமாதிரி. மூரியல் தன் ஸ்டூலை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காவல்காரர் வாசலில், "அதெல்லாம் கம்பெனி சொத்தும்மா" என்றார். "முப்பது வருஷமா இது மேலதான்யா உக்காந்திருக்கேன், என் அச்சு இதுல பதிஞ்சிருக்கு, வேற எவளுக்கும் ஆகாது" என்றாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கால்தான் வலித்தது. வீட்டுக்கு வந்து செருப்போடு படுத்துவிட்டேன்.

அன்று தபாலில் வரலாறும் வந்திருந்தது. நூறு வருஷம் பதினாறு பக்கத்தில், வழவழத் தாளில். அழுத்தமானியைக் கண்டுபிடித்த மேதை ஜோசையா டாபின் என்று முதல் வரி. ஹெப்ஸிபா இல்லை. சமையல் மேசை இல்லை. டயல் அறைக்கு ஒரு படம் இருக்கிறது, அதன் கீழே "நுணுக்கமான வேலையில் பெண்கள்" என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பது நாங்கள்கூட இல்லை, வேறு ஏதோ பட்டறை. ஃபேன்ஷா பாவம், ஒரு சின்னக் குறிப்பு வைத்திருந்தார்: "மன்னிக்கவும், மேலிடத்தில் வெட்டிவிட்டார்கள்." நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

கடைசிப் பெட்டி உனக்கு வருகிறது. பின்பக்கத்து எண்கள் தெளிவாக இருக்கின்றன, நானே சரிபார்த்தேன். யாரையும் துணி கொண்டுபோக விடாதே.

இனி நம் விஷயம். துணி தோய்க்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை தருகிறார்கள். மூரியலும் அங்கேதான் போகிறாள். இந்த மாசக் கடைசியில் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாசமாக நீ எனக்கு எழுதியதையெல்லாம் நேற்று மறுபடி படித்தேன். காற்று இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, ஓகில்வி இருக்கிறார். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. அங்கே பூஜ்யத்தில் நடுகிறார்களே, அந்தக் கம்பி, அது உன் கடிதங்களிலும் இருக்கிறது. கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் "நலம்" என்றே காட்டுகிறது.

நானாக வந்து நிற்கலாம். ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் பெட்டியோடு போகிறார்கள். ஆனால் கேஜ்கள் ஒரு பெட்டியில் வந்தன, டயல்கள் ஒரு பெட்டியில் வந்தன, பெண்டாட்டி ஒரு பெட்டியில் வந்தாள் என்று ஆகிவிடக் கூடாது. இந்த வயதில் எனக்கு இருக்கும் ஒரே வீம்பு இதுதான். கேட்டால் வருவேனா என்று எனக்கே தெரியாது. கேட்காமல் வரமாட்டேன்.

அன்புடன்,
எனிட்


கிர்க்கால்டி,
13 ஆகஸ்ட் 1967

அன்புள்ள எனிட்,

ஒரு விபரீதம் நடந்துவிட்டது.

கப்பல்படை டயல்கள் எல்லாவற்றின் பின்பக்கமும் துடைக்கப்பட்டுவிட்டது. பெட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம். ஸ்பிரிட் தொட்ட துணி. எண் ஒன்றுகூட மிச்சமில்லை. முந்நூறு சொச்சம் கேஜ் ஒரு பக்கம், முந்நூறு சொச்சம் டயல் ஒரு பக்கம், எது எதனுடையது என்று தெரியாமல் கிடக்கின்றன. அச்சு டயலைக் கப்பல்படை ஏற்காது. அக்டோபரில் சரக்கு போயாக வேண்டும்.

ஓகில்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இதை யாராவது ஜோடி சேக்க முடியுமாய்யா?" என்று கேட்டார். கோடு போட்ட கைக்குத்தான் அது தெரியும், என் மனைவியால் மட்டும்தான் முடியும் என்று சொன்னேன். கம்பெனியே உனக்கு எழுதும். ரயில் பயணச்சீட்டும் வைத்து அனுப்புவார்கள். ஒரு மாச வேலை இருக்கும்.

வந்தால் கம்பெனிக்குப் பெரிய உதவி.

உன்,
கிளிஃபர்ட்


கீத்லி,
16 ஆகஸ்ட் 1967

கிளிஃபர்ட்,

உன் கடிதமும் ஓகில்வியின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அவருடையது உன்னுடையதைவிட அன்பாக இருந்தது. "தங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறார் முன்பின் தெரியாத மனுஷன். நீ, "கம்பெனிக்குப் பெரிய உதவி" என்கிறாய்.

முதலில் கம்பெனி விஷயத்தை முடிக்கிறேன். என் கைக்கு ஒன்றும் தெரியாது. முந்நூறு டயலில் எந்தக் கோடு எந்தக் குழாயுடையது என்று சொல்ல நான் குறிசொல்கிறவள் இல்லை. ஒவ்வொரு கேஜிலும் ஒரு வெற்றுத் தாளை மாட்டு. எடைக்கல்லை ஏற்று. முள் நிற்கும் இடங்களில் புள்ளி வை. அந்தத் தாளை டயல்கள்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே போ. எதோடு எல்லாப் புள்ளியும் பொருந்துகிறதோ அதுதான் ஜோடி. பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவனுக்கும் இது தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

இனி என் விஷயம். துணி தோய்க்கும் இயந்திரக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு தடவை தவணை கேட்டாகிவிட்டது. மூரியல் என்னைப் பைத்தியம் என்கிறாள்.

ரயில் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

எனிட்


கிர்க்கால்டி,
10 செப்டம்பர் 1967

அன்புள்ள எனிட்,

நீ சொன்ன வழி சரிதான். தாள் யோசனை எனக்குத் தோன்றவில்லை. கண் வேறு மங்கல். ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது.

இங்கே ஒரு சங்கடம். டயலைத் துடைத்தது பெட்டி பிரிக்கும் இடத்தில் இருக்கும் ஜின்னி என்ற பெண் என்று ஓகில்வி முடிவு கட்டிவிட்டார். துணியும் ஸ்பிரிட் குப்பியும் அவள் மேசையில் இருந்தன. சீட்டைக் கிழிக்கப் போனார். விதவைத் தாய்க்கு ஒரே மகள். நான் போய், அவள் தொடவேயில்லை, நான்தான் துடைத்தேன், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு இரண்டு மாலை உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாகத் துடைத்தேன் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீயா? எதுக்குய்யா?" என்றார். பிசுக்கு என்றேன். இந்த வேலை முடியட்டும், பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.

வீட்டை எடுத்துவிட்டேன். ஆகஸ்டோடு தவணை முடிந்ததால் கையெழுத்துப் போட்டேன். குளியலறைச் சுவர் பச்சை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி வாங்கினேன். கடைக்காரன் ஒற்றை நாற்காலி தரமாட்டான்.

குளிர் ஆரம்பித்துவிட்டது.

உன்,
கிளிஃபர்ட்


கீத்லி,
17 செப்டம்பர் 1967

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூரியலிடம்கூடக் காட்டவில்லை.

ஈரத்துணியைப் பார்த்தாலே சாமியாடுகிறவன் நீ. பிசுக்கு இருந்தால் முன்பக்கம் துடைப்பாய். பின்பக்கம் எதற்கு? அதுவும் இரண்டு மாலை, ஆளில்லாத நேரத்தில், ஒவ்வொன்றாக. அதன் பிறகு, நீயே கற்றுக்கொடுத்த தாள் வேலை உனக்கே மறந்துபோகிறது. ஓகில்வியிடம் என் மனைவியால் மட்டும்தான் முடியும் என்கிறாய். ஒற்றை நாற்காலி விற்காத கடையும் ஸ்காட்லாந்தில் இருக்கிறதாம்.

அட பாவி. கோடு தடிமன் என்று என் டயல்களைத் திருப்பி அனுப்பிய அதே ஆள்தானே நீ. ஒரு வருஷமும் உனக்கு வயசு ஏறவில்லை.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நீ கப்பல்படையையே சுற்றியிருக்கிறாய். ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. உன் வேலையும் போகலாம். ஒரு சொல் கேட்க முடியாமல் இவ்வளவுமா? எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது, எல்லாவற்றையும்விடக் களைப்பு வருகிறது. முப்பத்தெட்டில் எனக்குப் பதினெட்டு வயசு, நீ கொண்டுவந்த தேநீரை வைத்து மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஊகித்துக்கொண்டேதான் இருக்கிறேன். இப்போது நாற்பத்தேழு. இனி ஊகிக்கமாட்டேன், கிளிஃபர்ட். எனக்குத் தெரிந்தாலும் தெரிந்ததாக வைத்துக்கொள்ளமாட்டேன்.

முள் ஒட்டிக்கொண்டால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டச் சொல்வாயே. தட்டிவிட்டேன். இனி நீதான் காட்ட வேண்டும். கம்பெனியை விடு, டயலை விடு, குளியலறையை விடு. எதற்காகத் துடைத்தாய்? ஒரு வரி எழுது. இயந்திரக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன். இனித் தவணை கேட்கமாட்டேன்.

எனிட்


கிர்க்கால்டி,
19 செப்டம்பர் 1967

எனிட்,

நீ இல்லாமல் எனக்கு இங்கே ஆகவில்லை. நலம் என்று எழுதியதெல்லாம் பொய். பெயர் கொடுக்கும் முன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்து கேட்கவில்லை. அந்தப் பயம்தான் இன்றுவரை. இப்போது கேட்கிறேன். டயலுக்காக இல்லை. எனக்காக வருவாயா?

கிளிஃபர்ட்


கீத்லி,
21 செப்டம்பர் 1967

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

கேள்விக்குறியை நன்றாக அழுத்திப் போட்டிருக்கிறாய். தாள் கிழிந்திருக்கிறது. கோடு கொஞ்சம் தடிமன்தான், பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன்.

படித்துவிட்டு நடையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டறை மூடிய அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிறகு எழுந்து தேநீர் போட்டுக் குடித்தேன்.

இயந்திரக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லி எழுதிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். என் காசில் சீட்டு வாங்கியிருக்கிறேன். ஓகில்விக்கும் இதே தபாலில் தனியாக எழுதியிருக்கிறேன், மரியாதையாகத்தான்: கம்பெனி வேலைக்கு நான் வரவில்லை, டயல்களை நான் தொடமாட்டேன், என் கணவரே அதைச் செய்யக்கூடியவர், வேண்டுமென்றே மறந்திருக்கிறார் என்று. கோபித்துக்கொள்ளாதே. அந்த ஜின்னியின் பெயரில் ஒரு துளி சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்றால் வேறு வழியில்லை. இதனால் உன்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பட்டும். இங்கே வீட்டை நான் விற்கவில்லை, சாவி மூரியலிடம் இருக்கிறது. இருவருமாகத் திரும்பி வருவோம். இல்லையென்றால் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்போம். எங்கே என்பது எனக்கு இப்போது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை.

இன்னும் எத்தனை கேஜ் மிச்சம் இருக்கிறதோ, அத்தனைக்கும் நீயே தாள் மாட்டு, நீயே எடைக்கல் ஏற்று, நீயே ஜோடி தேடு. மாலையில் வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்து வா. நான் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு விரல் அசைக்கமாட்டேன். கண் மங்கலாக இருந்தால் விளக்கை மட்டும் பிடிக்கிறேன்.

ரயில் மாலை ஐந்தரைக்கு வரும். நிலையத்துக்கு வா. பெட்டி கனம், காற்றழுத்தமானியையும் கழற்றி எடுத்து வருகிறேன். வந்ததும் வானிலை பற்றிப் பேசாதே.

அன்புடன்,
எனிட்